பக்கம் ஆறு, இன்று நடந்தவை

ராசிபலனுக்குக் கீழே
டயர் விளம்பரத்துக்கு மேலே
எனக்கு ஒரு கட்டம்.
நான்கு வரலாறு கொள்ளும்.
ஐந்தாவதைத் திணித்தால் டயர் உருண்டுவிடும்.

அக்டோபர் இருபத்தெட்டுக்கு
ஆண்டுதோறும் அதே நான்கு.
1886: நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலை திறப்பு.
1914: பினாங்குத் துறைமுகத்தில் எம்டன்.
1922: ரோமாபுரியை நோக்கிக் கறுப்புச் சட்டைகள்.
1962: கியூபாவின் ஏவுகணைகளைத் திரும்பப் பெற ஒப்புதல்,
அதாவது, நடக்காமல் போன ஒரு போர்.

எம்டனை மட்டும் நான் சுருக்குவதில்லை.
நம்மூர்ச் சங்கதி.
மூன்று புகைபோக்கிக் கப்பல்
நான்காவதைப் பொய்யாய்க் கட்டிக்கொண்டு
விடியுமுன் உள்ளே வந்தது.
நங்கூரமிட்டுத் தூங்கிய ரஷ்யக் கப்பலின் பெயருக்கு
முத்து என்று பொருளாம்.
முத்துத் தீவின் வாசலில் முத்து மூழ்கியது.
அதற்கு ஒரு மாதம் முன்னால்தான்
சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு வந்திருந்தது.
இன்றைக்கும் பினாங்கு வீதியில்
வாடகை பாக்கியோடு சிரித்துக்கொண்டே நழுவுகிறவன்
சரியான எம்டன்தான்.

மாசிலாமணி இருபத்தேழாம் தேதி மாலை வருவார்.
ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் கண்டக்டராயிருந்தவர்.
பழைய டிக்கெட்டின் முதுகில் ஒரே வரி எழுதியிருப்பார்:
1969. செங்கமலம் நாகப்பட்டினம் கப்பல் ஏறினாள்.

அவருக்கு நீல அட்டை, அவளுக்குச் சிவப்பு.
அந்த வருஷம் சிவப்பு அட்டைக்காரர்களிடம்
வேலைக்குப் பெர்மிட் கேட்டார்கள்.
தீபாவளிக்கு இரண்டு வாரம்கூட இல்லை.
ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று
இருவருமே சொல்லிக்கொண்டார்கள்,
ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

"இது வரலாறு இல்லையே, ஐயா"
என்றேன், முதல் வருஷம்.
"எத்தனை பேர் ஏறினால் வரலாறு?" என்றார்.
கப்பல் கொள்ளாத கூட்டமாம்.
நான் டயர் விளம்பரத்தைக் காட்டினேன்.
தலையாட்டினார். அடுத்த வருஷமும் வந்தார்.

இந்த வருஷம் கையில் டிக்கெட் இல்லை, கடிதம் இருந்தது.
"தேதி தப்பு, தம்பி" என்றார்,
இருபத்தாறு வருஷத்தையும் திருத்துகிறவர் போல.

அவள் எழுதியிருந்தாள்:
நீங்கள் கையாட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினீர்கள்.
கப்பல் அசையவே இல்லை.
மேல்தட்டில் உட்கார்ந்து ஊர் விளக்கை எண்ணிக்கொண்டிருந்தேன்.
இறங்கி ஓடி வந்திருக்கலாம்.
பன்னிரண்டு அடித்த பிறகுதான் விளக்குகள் நகர்ந்தன.
எனக்கு இருபத்தொன்பதுதான்.

தே தாரேக் ஆடை கட்டும்வரை
இருவரும் பேசவில்லை.
பிறகு, வேறெதுவும் தெரியாததால்,
ரஷ்யர்களைப் பற்றிச் சொன்னேன்.
அவர்களுடைய பழைய நாட்காட்டியில்
அன்றைக்கு அக்டோபர் பதினைந்துதான்.
வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் படுத்திருக்கும் மாலுமிகள்
குண்டு விழுந்த தேதியில் செத்தார்களா,
அம்மாக்களுக்குத் தெரிந்த தேதியிலா?

மாசிலாமணி யோசித்தார்.
"ராத்திரி பஸ்ஸில் இந்தத் தகராறு வரும்.
பாதி வழியில் தேதி மாறிவிடும்.
ஏறின தேதிக்குத்தான் டிக்கெட்."
எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.
"அவள் எனக்கு ஏறினது இருபத்தெட்டு.
போனது அவள் கணக்கு."

அன்றிரவு ரோமாபுரியைத் தூக்கினேன்.
அந்த இடத்தில்:
1969: பினாங்குத் துறையில் ஒரு கப்பல்
நள்ளிரவுவரை நின்றது.

நடக்காமல் போன போருக்கு இடமுண்டென்றால்
இறங்காமல் போனவளுக்கு ஒரு வரி இருக்கட்டும்.

ஆசிரியர் போனில் கேட்டார், ஆதாரம் என்னவென்று.
கண்டக்டர் என்றேன்.

இருபத்தொன்பதுக்கு இன்னும் அச்சுக் கோக்கவில்லை.
துருக்கியில் குடியரசு, நியூயார்க்கில் பங்குச் சரிவு,
மூன்றாவதைத் தேட வேண்டும்.
நான்காவது
கடிதத்தில் வந்துவிட்டது.